தேனீப் பயிற்சியை மூன்று முறை மாற்றி எழுதினோம்: மார்த்தாண்டம் பக்கத்து அனுபவம்

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் வழியில், ரப்பர் தோட்டங்களுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் நான்கைந்து ஊர்களில் நாங்கள் ஒரு சின்னக் குழுவாகத் தேனீ வளர்ப்பு சொல்லிக் கொடுக்கிறோம். முதல் தொகுதியில் 24 பேர். மூன்று நாள் வகுப்பு, ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒரு புகைப்பான், முகவலை, கடைசி நாள் சாயங்காலம் சான்றிதழ், போட்டோ. ஜூன் மாதம் நடத்தினோம். நவம்பர் கடைசியில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் 48 பெட்டிகளில் 11-இல்தான் தேனீ இருந்தது. மீதியில் கரப்பான், பல்லி, மெழுகுப்பூச்சி அரித்து நூலாம்படை போல் ஆகிவிட்ட தேனடை. ஒரு வீட்டில் பெட்டியைக் கழுவிக் காயவைத்துத் தேங்காய்ச் சிரட்டை போட்டு வைத்திருந்தார்கள்.

பயிற்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் தரப்பில், "ஆட்களுக்கு அக்கறை இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மூன்று நாளும் மழையில் நனைந்துகொண்டு வந்தவர்கள் அவர்கள். அக்கறை இல்லாதவர் ரப்பர் பால் வெட்டிவிட்டு, பால் எடுத்து, ஷீட் அடித்துவிட்டு மதியம் சோறுகூடச் சாப்பிடாமல் வகுப்புக்கு வந்து உட்கார மாட்டார். அதனால் தப்பு எங்கே என்று எங்கள் பாடத்திலேயே தேட ஆரம்பித்தோம். இது அந்தத் தேடலின் பதிவு. பயிற்சி நடத்துகிற யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன். தேனீதான் உங்கள் பாடமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் காலம். ஜூனில் வகுப்பு வைத்ததே பெரிய தவறு. இங்கே ரப்பர் மரம் மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்க்கும், பிறகு செம்புநிறத்தில் துளிர் விடும். அந்தத் துளிரில் மூன்று இலைகள் காம்பில் சேரும் இடத்தில் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. குமரி மாவட்டத்து ரப்பர் தேன் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது, பூவிலிருந்து இல்லை. ஒரு துளிர்க் கொத்தை ஒடித்துக் கையில் கொடுத்து, காம்பு நுனியை நக்கிப் பார்க்கச் சொன்னால் போதும், பிறகு அதை யாரும் மறக்கவே மாட்டார்கள். ஆனால் நாங்கள் வகுப்பு எடுத்த ஜூனில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, கொட்டுகிறது, துளிரும் இல்லை, தேனும் இல்லை. பெட்டியை இரண்டு நிமிடம் திறந்து வைக்கக்கூட வழியில்லை. திரையில் 60 படம் காட்டினோம். தேனீக்கு உணவே இல்லாத காலத்தில், தேனீயைப் பார்க்காமல், தேனீ வளர்க்கச் சொல்லிக் கொடுத்து, கையில் பெட்டியையும் கொடுத்து அனுப்பியிருக்கிறோம். இங்கே நாம் வைத்திருப்பது இந்தியத் தேனீ. பசி வந்தாலோ தொந்தரவு அதிகமானாலோ அது கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். போய்விட்டது.

சரி, காலத்தை மாற்றிவிடலாம். அது சுலபம். ஆனால் அந்த 11 பெட்டி யார் யார் வீட்டில் பிழைத்திருந்தன என்று பார்த்தபோதுதான் காலம் மட்டும் காரணமில்லை என்று புரிந்தது. ஒரே வகுப்பு, ஒரே மழை, பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருவர் வீட்டில் இரண்டு பெட்டியும் உயிரோடு, இன்னொருவர் வீட்டில் இரண்டும் காலி.

இங்கேதான் இரண்டாவது தவறு செய்தோம். கற்பவர்களில் மூன்று வகை உண்டு, கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பயிற்சியாளர்கள் மத்தியில் நெடுநாளாக ஒரு பேச்சு இருக்கிறதே, அதை அப்படியே எடுத்துக்கொண்டோம். இரண்டாம் தொகுதிக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்து, பதிலை வைத்து மூன்று குழுவாகப் பிரித்தோம். கண் குழுவுக்குப் படமும் வீடியோவும், காது குழுவுக்குப் பேச்சும் வாட்ஸ்அப் குரல்பதிவும், கை குழுவுக்கு நேரே பெட்டி. தயாரிக்க இரண்டு மாதம் ஆயிற்று. உழைப்பில் குறையே இல்லை.

காது குழு ராணித் தேனீயைப் பற்றி ஒப்பிக்கக் கேட்க வேண்டும், அவ்வளவு அழகாக ஒப்பித்தார்கள். பெட்டியைத் திறந்தால் ராணியைக் கண்டுபிடிக்க ஒருவராலும் முடியவில்லை. கை குழு பெட்டியைப் பயமில்லாமல் திறந்தது, ஆனால் ஏன் திறக்கிறோம் என்று தெரியாமல் தினமும் திறந்தது. ஒரு கூட்டம் பத்தே நாளில் பறந்தது. யோசித்தால் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. முட்டையைப் பார்க்க வேண்டும், அது கண் வேலை. ராணி இல்லாத பெட்டியின் முனகல் வேறு மாதிரி இருக்கும், அது காது வேலை. பெட்டிக்குள் அடை கட்டியிருக்கும் மரச் சட்டத்தை இடிக்காமல் தூக்க வேண்டும், அது கை வேலை. தேனீக்கு நாம் எந்த வகைக் கற்பவர் என்று தெரியாதே.

பிறகுதான் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன், முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது. 2008-இல் ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் இந்தக் கருத்தைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை எடுத்து அலசினார்கள். படம் பிடிக்கிறது, பேச்சு பிடிக்கிறது என்ற விருப்பம் மனிதர்களுக்கு உண்டு, அதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்த விருப்பத்துக்குத் தக்கபடி சொல்லிக் கொடுத்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்று காட்ட வேண்டுமானால், ஒரு வகைக்கு உதவும் முறை மறு வகைக்கு உதவாமல் போக வேண்டும். அப்படி ஒழுங்காகச் சோதித்த ஆய்வுகளே மிகச் சில, அவற்றிலும் சிலவற்றின் முடிவு நேர் எதிராக இருந்தது என்று எழுதினார்கள். அதைப் படித்த அன்று கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டோம். மனிதர்களுக்குள் வித்தியாசம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, நிறைய இருக்கிறது. நாங்கள் அதைத் தவறான இடத்தில் தேடியிருந்தோம்.

ஓட்டையாத்தான் தெரியுது பிள்ளே

முதல் தொகுதியில் ஒரு அக்கா. அண்டியாபீஸில் இருபது வருடத்துக்கு மேல் முந்திரிப் பருப்பு உரித்தவர். விரல்களைப் பார்க்க வேண்டும், அத்தனை வேகம், அத்தனை பதம்; ஒரு சட்டத்தைத் தூக்கினால் ஒரு தேனீகூட நசுங்காது. ஆனால் அவருடைய இரண்டு பெட்டியும் போய்விட்டன. வகுப்பில் எங்களில் ஒருவர் அவர் பெயருக்கு நேரே "மெதுவாகக் கற்பவர்" என்று எழுதியிருந்தார். நான் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முட்டை இருக்கும் ஒரு சட்டத்தைக் காட்டி, "அக்கா, இதுல முட்டை எங்க இருக்கு, காட்டுங்க" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்க கண்ணுக்கு எல்லாம் ஓட்டையாத்தான் தெரியுது பிள்ளே. அண்ணைக்கு எல்லாரும் தெரியுது தெரியுதுன்னு சொன்னாவ, நானும் தெரியுதுன்னு சொன்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேனீ முட்டை என்பது ஒரு சின்ன வெள்ளைக் கீற்று, அடையில் உள்ள சின்ன அறையின் அடியில் நட்டுவைத்த நூல்துண்டு மாதிரி நிற்கும். மூன்று நாள்தான் முட்டையாக இருக்கும், பிறகு புழு. அதனால் முட்டை கண்ணில் பட்டால் மூன்று நாளுக்குள் ராணி இங்கே இருந்திருக்கிறது என்று அர்த்தம். ராணியைத் தேடிப் பெட்டியைக் கலைக்க வேண்டியதே இல்லை. பெட்டியின் உடல்நிலை மொத்தமும் அந்தக் கீற்றில் இருக்கிறது. நாற்பது வயது தாண்டினால் பெரும்பாலானவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும், இது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். யாரிடமும் நாங்கள் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. எப்படிக் கற்பீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தோம்.

மருந்துக் கடையில் ஒரு படிக்கிற கண்ணாடி வாங்கிக் கொடுத்து, வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்கச் சொல்லி, சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்து அறையின் அடிவரை வெளிச்சம் விழும்படி பிடிக்கச் சொன்னோம். இன்னொன்றும் கவனித்தோம்: புது அடை வெள்ளையாக இருக்கும், வெள்ளையில் வெள்ளை முட்டை யாருக்குமே லேசில் தெரியாது, பல முறை புழு வளர்ந்து கறுத்துப் போன பழைய அடையில் பளிச்சென்று தெரியும். இப்போது முதல் பாடத்துக்குப் பழைய அடைச் சட்டம் ஒன்றைத்தான் தேடி எடுக்கிறோம். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் கறுத்த அடையைப் பார்த்ததும், "யம்மா, இத்தனையா" என்றார். அவருடைய விரலுக்கும் கண்ணுக்கும் சேர்த்துப் பாடம் கிடைத்தது அன்றுதான்.

மூன்றாவது முறை

கேள்வித்தாளுக்குப் பதில், தொகுதி தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போனோம். பெட்டி எங்கே வைப்பீர்கள் என்று பார்க்கிற சாக்கில் ஒரு மணிநேரம் பேச்சு. தேனீயைப் பற்றி ஏற்கெனவே என்ன தெரியும், என்ன பயம், எந்த நேரம் கை சும்மா இருக்கும், வீட்டில் யாருக்கு எழுதப் படிக்க வரும், இந்தத் தேன் எதற்கு: விற்கவா, வீட்டுக்கா, தோட்டத்துக்கா. கண்ணுக்கு ஒரு சின்னச் சோதனை, அரிசிக் குருணையை எண்ணச் சொல்வதுதான். இதற்கு நேரமும் பெட்ரோலும் செலவு. 24 பேருக்குச் செய்ய முடியாது, அதனால் தொகுதியை 12 பேராகக் குறைத்தோம். பணம் கொடுப்பவர்களிடம் இதற்காக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, அவர்கள் கணக்கில் 30 பேர் 3 நாள் என்றால்தான் அழகு.

அந்தப் பேச்சில் தெரியவந்தவை எங்கள் பாடத்தையே புரட்டிப் போட்டன. பால் வெட்டும் பெண்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பெட்டி திறக்க ஏற்ற நேரமோ வெயில் ஏறிய காலை பத்து, பதினொன்று. இரண்டும் முட்டிக்கொள்கிறது. ஆனால் பல தோட்டங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டு. அது மட்டுமில்லை, இலை உதிர்ந்து துளிர்க்கிற காலத்தில் மரத்துக்கு ஓய்வு கொடுத்து வெட்டையே நிறுத்திவிடுவது இங்கே வழக்கம். அதாவது தேன்காலம் பிறக்கிற அதே நேரத்தில் அவர்கள் கை சும்மா இருக்கிறது, கூலியும் இல்லை. இதைவிட நல்ல கால அட்டவணையை நாங்கள் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கவே முடியாது. மூன்று நாளை ஒரே மூச்சில் நடத்தாமல், ஜனவரியிலிருந்து அடுத்த மழைக்காலம் வரை பன்னிரண்டு அரைநாளாகப் பிரித்துவிட்டோம். துளிர் வரும்போது துளிர்ப் பாடம், தேன் எடுக்கும்போது தேன் பாடம், மழை தொடங்கியதும் சீனிப்பாகு. பாகுக்கு அளவு சொல்லக் கிராம் கணக்கு எழுதியிருந்தோம், அதை அடித்துவிட்டு ஒரு தம்ளர் சீனிக்கு ஒரு தம்ளர் தண்ணீர் என்று மாற்றினோம். இருட்டும் நேரத்தில் வைக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்துப் பெட்டித் தேனீ கொள்ளையடிக்க வந்துவிடும்.

பட்டம் படித்த தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள், ஒருவர் என்ஜினியர். அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நாங்கள் முதலில் நினைத்தோம், நிறைய வீடியோ பார்த்திருந்தார்கள். ஆனால் பார்த்ததெல்லாம் இத்தாலியத் தேனீ, பெரிய பெட்டி, பத்துச் சட்டம், வடநாட்டுக் கடுகு வயல். இந்தியத் தேனீக்கு நாம் வைக்கும் சின்ன நியூட்டன் பெட்டியில் புழு வளரும் கீழ் அறைக்கு ஏழு சட்டம், தேனீயும் வேறு, அதன் குணமும் வேறு. ஒன்றும் தெரியாதவரைவிட, வேறொன்று தெரிந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது கஷ்டம். அவர்களுக்கு விளக்கமே கொடுக்காமல், பெட்டியைத் திறக்கும் முன் "இந்தச் சட்டத்தில் என்ன இருக்கும், எழுதுங்கள்" என்றோம். எழுதியதையும் உள்ளே இருந்ததையும் அவர்களே ஒப்பிட்டார்கள். நான்கு தடவை தப்பான பிறகு ஐந்தாம் தடவை காது கொடுத்துக் கேட்டார்கள். தேனின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ரப்பர் தேனைத் தேனீ மெழுகால் மூடி போடாத அடையிலிருந்து அவசரப்பட்டு எடுத்தால் புளித்துப் பொங்கிவிடும் என்பதையெல்லாம் அவர்கள்தான் ஈரம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவி வைத்து மற்றவர்களுக்குக் காட்டினார்கள்.

பயம் தனிப் பாடம். அதற்காக நாங்கள் ஒரு பயிற்சி வைத்தோம்: காலிப் பெட்டி. தேனீ இல்லாத பெட்டியின் மேல் அறை மீது ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து, சொட்டுகூடச் சிந்தாமல் தூக்கிப் பக்கத்தில் வைக்க வேண்டும். வீட்டில் ஒரு வாரம், தினமும் பத்து முறை. பெட்டி அதிர்ந்தால் தேனீக்குப் பிடிக்காது, அதனால் கை நிதானப்பட்டால் கொட்டு வாங்குவதும் குறையும். கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுப்பது, கொட்டிய இடத்தில் பழுத்த வாழைப்பழம் மாதிரி ஒரு வாசம் கிளம்பும், அதை முகர்ந்துதான் மற்ற தேனீக்களும் பாய்ந்து வரும், உடனே புகை போட வேண்டும் என்பது எல்லாம் அந்த வாரத்திலேயே. வந்த 12 பேரில் ஒரு பெண்ணுக்கு அப்போதும் பயம் போகவில்லை. அவரைக் கட்டாயப்படுத்தவில்லை, விலகிக்கொண்டார். கொட்டு வாங்கி மூச்சுத் திணறல் வருகிறவர்கள் உண்டு, அதை முன்னமே கேட்டு வைப்பதும் அந்த முதல் பேச்சில்தான்.

ஒரு பாட்டா வந்தார், எழுபதைத் தாண்டியவர். எங்கள் தமிழ்க் கையேட்டைக் கையில் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், திறக்கவே இல்லை. வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது அவர் பள்ளியில் படித்தது மலையாளம் என்று. விளவங்கோடு பக்கம் அந்த வயதுக்காரர்களிடம் இது புதிதில்லை. பேத்தி வாசித்துச் சொன்னாள். ஆனால் அவரிடம் இருந்த முக்கியமான விஷயம் மொழி இல்லை. 1991, 92-இல் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்க இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவு அழிந்தன. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் தொடங்கி, மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பரவியிருந்த தொழில் அது. பாட்டா அப்போது பெட்டிகள் எல்லாவற்றையும் இழந்தவர். வகுப்பில் யாரும் கேட்காமலே, "புழு தலையத் தூக்கிட்டு வள்ளம் மாதிரி செத்துக் கிடக்கும், அத மொதல்ல காட்டிக் குடுங்க" என்றார். நாங்கள் நோயைக் கடைசிப் பாடமாக வைத்திருந்தோம். அவர் சொன்னதால் மூன்றாவது பாடமாக முன்னால் கொண்டுவந்தோம். இழந்தவர்களுக்கு முதல் கேள்வி அதுதான், அதற்குப் பதில் கிடைக்காமல் வேறு எதுவும் மண்டையில் ஏறாது.

பேச்சிப்பாறை அணைக்கு மேலே மலையில் இருந்து வந்த, காணிக்காரப் பழங்குடியைச் சேர்ந்த அண்ணன் ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரப்பொந்துத் தேனும் மலைத்தேனும் சின்ன வயதிலிருந்து எடுத்தவர். முதல் தொகுதியில் அவருக்கும் "தேனீக்கு ஆறு கால்" என்றுதான் தொடங்கியிருக்கிறோம், இரண்டாம் நாளே வராமல் போய்விட்டார். புதியவருக்குப் படிப்படியாக விளக்குவது உதவும், தெரிந்தவருக்கு அதே விளக்கம் பாரம், கற்பதையே கெடுக்கும் என்று கல்யூகா, ஸ்வெல்லர் முதலான ஆய்வாளர்கள் 2003-இல் எழுதியதைப் படித்தபோது அவர் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. மூன்றாம் முறை நேரே போய், "அண்ணே, உங்களுக்கு என்ன தெரியாதோ அத மட்டும் சொல்லுங்க" என்றோம். சட்டத்தில் அடை கட்ட வைப்பது, கூட்டத்தைப் பிரிப்பது, இந்த இரண்டும்தான். இரண்டே அரைநாளில் முடித்துவிட்டார். அப்புறம் அவர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்: பெட்டியை விரலால் ஒருமுறை தட்டிக் காதை வைப்பார், 'உஸ்' என்று எழும்பிச் சட்டென்று அடங்கினால் ராணி இருக்கிறது, அடங்காமல் முனகிக்கொண்டே இருந்தால் திறந்து பார். பார்வை மங்கிய அண்டியாபீஸ் அக்காவுக்கும் பாட்டாவுக்கும் இதுதான் கைகொடுத்தது.

சரியாக வராதவையும் உண்டு. இளையவரையும் மூத்தவரையும் ஜோடி போட்டோம், நல்ல எண்ணத்தில்தான். தம்பிகள் எழுதினார்கள், அக்காமார் சட்டம் தூக்கினார்கள். ஆளுக்குப் பாதி கற்றார்கள். பிறகு யாருக்கு எது வராதோ அதை அவர்தான் செய்ய வேண்டும் என்று வைத்தோம், முணுமுணுப்பு இருந்தது, ஆனால் நடந்தது. வாட்ஸ்அப்பில் அடையின் படம் அனுப்பச் சொன்னதும் அவ்வளவாக உதவவில்லை, முட்டை தெரியும்படி படம் எடுக்க நல்ல போன் வேண்டும். குரல்பதிவு உதவியது, வகுப்புக்கு முன் கேட்பதற்கு அல்ல, பெட்டி திறந்து முடித்த பிறகு என்ன பார்த்தேன் என்று அவர்களே பேசி அனுப்புவதற்கு. எழுதச் சொன்னால் மூன்று வார்த்தை எழுதுகிறவர் பேசச் சொன்னால் ஐந்து நிமிடம் பேசினார்.

மழைக்காலம் முடிந்து பார்த்தபோது, கடைசிவரை இருந்த 11 பேரில் 9 பேர் வீட்டில் குறைந்தது ஒரு பெட்டியாவது உயிரோடு இருந்தது. அண்டியாபீஸ் அக்கா மறுபடி சேர்ந்திருந்தார், அவரிடம் இரண்டும் மூன்றாகியிருந்தது. இதற்கெல்லாம் பாடத்தை மாற்றியது மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். 12 பேர் என்றால் ஆளுக்கு அதிக நேரம் கிடைக்கிறது, பெட்டி கொடுத்ததும் சரியான பருவத்தில். எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க வேண்டுமானால் இன்னும் இரண்டு மூன்று தொகுதி பார்க்க வேண்டும்.

அடுத்த தொகுதி தை மாதம். வாங்க வேண்டியவற்றில் 1.5, 2, 2.5 பவர் கண்ணாடிகள் சேர்த்தாயிற்று. காணிக்கார அண்ணனை இந்த முறை பயிற்சியாளராகவே அழைத்திருக்கிறோம், வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு மற்ற பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் படிவத்தில் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதைக் காலியாக விட்டால் வாங்க மாட்டார்களாம். கட்டத்தில் "மரப்பொந்துத் தேன், நாற்பது வருடம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை, திங்கட்கிழமை நேரில் போகிறேன்.